அஞ்சு லட்சம் குடுத்து பிராண்ட் ஹாண்ட்பாக் எடுக்கலாமோ? திருமலைச் சனம் சொல்லுங்கோ

உவர்மலைப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். விசயம் இதுதான், எனக்கு சீட்டு விழுந்து கையில ஆறு லட்சம் கிட்ட இருக்கு. பரிசில இருக்கிற பெரியம்மாட மகள் பங்குனிக்கு ஊருக்கு வாறா, என்னடி வேணும் காசைத் தா வாங்கி வாறன் எண்டு கேட்டவ. எனக்கு கனகாலமா லூயி விட்டோன் எண்ட பிரெஞ்சுக் கம்பனிட நெவர்ஃபுல் தோள்பை மேல ஒரு கண். அங்க 1,500 யூரோவுக்கு மேல சொல்றாங்க, யூரோ 350 எண்டு பிடிச்சாலும் அஞ்சு லட்சத்தைத் தாண்டுது. வீட்டில சொன்ன நேரம் தொடக்கம் அம்மா கதைக்கிறதில்ல. என்ர உழைப்பு, என்ர காசு, அது வேற கதை. எனக்குத் தெரியவேண்டியது சாமான் அந்தக் காசுக்குப் பெறுமதியோ, எங்கட ஊர் வெக்கைக்கும் உப்புக்காத்துக்கும் நிண்டு பிடிக்குமோ, நாளைக்கு விக்கப்போனா ஏதும் தேறுமோ. புத்திமதி வேண்டாம் பிளீஸ், அது வீட்டில போதுமான அளவு கிடைக்குது.

மட்டிக்களி மாமி:
பிள்ளை புத்திமதி வேண்டாம் எண்டு சொன்னாலும் நான் சொல்லத்தான் போறன். 2022க்கு முதல் ஒரு பவுண் லட்சத்துச் சொச்சம், இப்ப மூண்டு லட்சத்துக்கு மேல நிக்குது. டொலர் 200ல இருந்து 360க்குப் போன அந்த வருசம் காஸ் வரிசையில நிண்ட சனத்துக்கு, கையில ஒரு சோடி காப்பு இருந்தா பாங்கில அடைவு வச்சு அரிசி வாங்கலாம். உங்கட பையை எந்த பாங்கில அடைவுக்கு எடுப்பாங்கள் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.

நிலாவெளிக் காத்து:
மாமி சொல்றது சரி, ஆனா ஒண்டு கேக்கிறன். போன கிழமை என்ர தம்பி நாலரை லட்சத்துக்கு ஐஃபோன் எடுத்தவன், ஒரு குஞ்சும் வாய் திறக்கேல்ல. அது மூண்டு வருசத்தில பட்டரி போய் அரைவிலைக்கும் போகாது. பெடியங்கள் லீசிங்ல பைக் எடுத்து உப்புவெளி ரோட்டில முறுக்கலாம், பொம்பிளைப்பிள்ளை சீட்டுக்காசில ஒரு பை வாங்கினா மட்டும் பவுண் கணக்குப் பார்க்க எல்லாரும் வந்திடுவினம்.

மட்டிக்களி மாமி:
தம்பியையும் ஏசியிருப்பன், அவர் இங்க வந்து கேக்கேல்லயே.

கோணமலையான்:
அதெல்லாம் விடுங்கோ, உந்தப் பையள் எல்லாம் சீனாவிலதான் செய்யிறாங்கள், 2025ல டிக்டொக்ல வந்ததே, ஃபக்டரிக்காரன் நிண்டு இதுதான் ஒரிஜினல் செய்யிற இடம், எங்களிட்ட நேர வாங்குங்கோ எண்டு. மத்திய வீதியில அதே பை நாலாயிரத்துக்குத் தொங்குது. எதுக்கு அஞ்சு லட்சம்?

லாஷப்பல் பெடியன்:
அண்ணை அந்த டிக்டொக் கதையை நம்பாதேங்கோ. அமெரிக்கா சீனச் சாமானுக்கு வரியை ஏத்தின நேரம் கொப்பி அடிக்கிறவங்கள் தங்கட சரக்கை விக்க விட்ட கதை அது. எர்மெஸ் எண்ட பிரெஞ்சுக் கம்பனிட தோல் பையள் பிரான்ஸில செய்யிறது. லூயி விட்டோன் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்காவில டெக்சாஸிலயும் ஒரு பட்டறை இருக்கு. கோச் மாதிரி நடு விலை பிராண்ட் வியட்நாம், கம்போடியா, பிலிப்பைன்ஸ், அதை அவங்களே லேபல்ல எழுதித்தான் விக்கிறாங்கள்.

ஆனா ஐரோப்பாவில செய்தது எண்டா எல்லாம் வெள்ளைத்தாடி வச்ச தாத்தா இருந்து தைக்கிறார் எண்டும் நினைக்கவேண்டாம். 2024 ஆனி மாசம் மிலான் நீதிமன்றம் டியோர் பை செய்யிற இத்தாலிக் கம்பனியை மேற்பார்வைக்குள்ள போட்டது. 2,600 யூரோவுக்கு கடையில விக்கிற ஒரு பைக்கு, அதைத் தைச்சுக் குடுத்த சீனப் பட்டறைக்குக் குடுத்தது 53 யூரோ. அதில தோல் விலை சேரேல்ல, அதையும் சொல்லத்தான் வேணும். அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் அர்மானிக்கும் இதே கதை. பட்டறைக்கு 93 யூரோ, இடையில நிண்ட கம்பனி அர்மானிக்கு வித்தது 250, கடையில 1,800. அந்தப் பட்டறையளில வேலைசெய்த ஆக்கள் அங்கயே படுத்து எழும்பினவங்கள். 2025 தொடக்கத்தில ரெண்டு கம்பனியும் ஒழுங்குபண்ணிப்போட்டுது எண்டு மேற்பார்வையை எடுத்தாச்சு, ஆனா கணக்கு வெளிய வந்தது வந்ததுதானே. மிச்சக் காசு எங்க போகுது எண்டா சாம்ப்ஸ் எலிசே கடை வாடகை, விளம்பரம், நடிகைக்குக் குடுக்கிறது, பிறகு லாபம்.

கோணமலையான்:
அப்ப நான் சொன்னதுதானே சரி? 53 யூரோப் பை.

லாஷப்பல் பெடியன்:
கூலி 53. ரெண்டும் ஒண்டில்ல. ஆனா 2,600க்கும் அதுக்கும் நடுவில உள்ள தூரத்தைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தனான்தான்.

ஊசிநூல்:
நான் தோல்வேலை செய்யிறவன், டவுனிலதான், சப்பாத்து, பெல்ட், பை எல்லாம் திருத்த வரும், வெளிநாட்டில இருந்து வாற ஆக்கள்ட பையும் வரும். அதால கொஞ்சம் நீட்டாச் சொல்றன்.

முதல் விசயம், தங்கச்சி கேட்ட நெவர்ஃபுல் தோல் பை இல்லை. அந்தப் பூப்போட்ட மண்ணிறச் சாமான் பருத்தித்துணிக்கு மேல பிவிசி பூசினது. அந்தப் பூ டிசைன் 1896ல வந்தது, அப்ப பெட்டகம் மாதிரிப் பயணப்பெட்டி செய்யத்தான். இப்ப கையால மடிக்கக்கூடிய மெல்லிசுத்துணி 1959க்குப் பிறகு. பிளாஸ்டிக்குக்கு அஞ்சு லட்சமோ எண்டு கோவப்படாதேங்கோ, உண்மையில எங்கட ஊருக்கு அந்தத் துணி தோலை விட நல்லம். மழைத்தண்ணி பட்டாத் துடைச்சுவிடலாம். பிரச்சினை கைபிடியும் விளிம்பும். அது வச்செட்டா எண்டு ஒரு தோல், பதப்படுத்தினதுதான், ஆனா மேல ஒரு பூச்சும் இல்லை. வாங்கேக்க வெள்ளைத்தேங்காய்ப்பூ நிறம், வெயிலும் கைச்சூடும் பட்டுப்பட்டு தேன் நிறத்துக்கு வரும், பரிசில அதைத்தான் அழகு எண்டு சொல்றாங்கள். இங்க? வேர்வை, தலை எண்ணெய், மழைத்துளி எல்லாம் ஒவ்வொரு பொட்டாப் பதியும். ஒருக்காப் பட்டா எடுக்கேலாது. என்னட்டத் திருத்த வந்த ஒண்டில கைபிடி கறுத்து கரிச்சட்டி நிறம்.

ரெண்டாவது தையல். எர்மெஸ்ல பேர்கின், கெல்லி மாதிரிப் பையளை ஒரே ஆள்தான் தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் செய்யிறது. மெழுகு பூசின லினன் நூல், ரெண்டு ஊசி, ஒரே ஓட்டைக்குள்ளால ரெண்டு பக்கத்தாலயும் போகும். குதிரைச் சேணம் தைக்கிற முறை, அந்தக் கம்பனி 1837ல தொடங்கினதே குதிரைச் சாமான் செய்யத்தான். இதில ஒரு தையல் அறுந்தா மற்றது அசையாது. மெசின் தையல் அப்பிடி இல்லை, மேல் நூல் கீழ் நூல் ஒண்டில ஒண்டு கொளுவித்தான் நிக்குது, ஒண்டு அறுந்தா இழுக்க இழுக்க வரும். அந்தக் கைத்தையலுக்குக் காசு குடுத்தா நான் ஒண்டும் சொல்லமாட்டன், வேலை தெரிஞ்சவனுக்கு அது தெரியும். நெவர்ஃபுல் மெசின் தையல்தான். நல்ல மெசின் தையல், கண் வச்சுப் பார்த்தாலும் பிழை கிடையாது, ஆனா மெசின்தான்.

மூண்டாவது, மத்திய வீதி நாலாயிரத்துப் பை. அது பியூ, அதாவது துணிக்கு மேல ஒட்டின பிளாஸ்டிக் தோல். எங்கட ஈரக்காத்தில அது தானாவே உக்கும், பாவிக்காம அலுமாரிக்குள்ள வச்சிருந்தாலும் ரெண்டு மூண்டு வருசத்தில தோலுரியும், கறுப்புத் தூள் உடுப்பெல்லாம் ஒட்டும். அதைத் திருத்தித் தாங்கோ எண்டு கொண்டுவாற ஆக்களுக்கு நான் சொல்ல ஒண்டுமே இல்லை, ஒட்ட இடமில்லாத சாமானை எங்க ஒட்டுறது.

உவர்மலைப்பிள்ளை:
அண்ணா இவ்வளவு விளக்கமா ஒருத்தரும் சொல்லேல்ல, நன்றி. அப்ப தோல் பை எடுத்தா என்ன செய்யவேணும் இங்க?

ஊசிநூல்:
ஐப்பசி தொடங்கி தை வரைக்கும் கவனம். பொலித்தீன் பையில கட்டிவச்சா பூஞ்சணம் நிச்சயம். பழைய பருத்தித் தலையணை உறைக்குள்ள போட்டு, உள்ளுக்குப் பேப்பர் அடைச்சு, சிலிக்கா பொட்டலம் ரெண்டு போட்டு, கிழமைக்கு ஒருக்கா வெளிய எடுத்து நிழல்ல வையுங்கோ. வெயில்ல வைக்காதேங்கோ, வெடிக்கும். ஜிப், கொக்கி எல்லாத்தையும் காஞ்ச துணியால துடைக்கவேணும், கடற்கரைப் பக்கம் வீடு எண்டா முலாம் போய் கறள் பிடிக்கத் தொடங்கிடும், அதுக்கு பிராண்ட் பேர் எல்லாம் தெரியாது.

கிண்ணியா நானா:
நான் டோஹால ஒரு மோல்ல வேலை, பை விக்கிற பக்கம் இல்ல, ஆனா பக்கத்துக் கடை அதுதான், அதனால கொஞ்சம் தெரியும். தங்கச்சி, திருப்பி விக்கிற கணக்கு எண்டா உலகத்தில ரெண்டு மூண்டு பைக்குத்தான் அந்தக் கதை பொருந்தும். எர்மெஸ் பேர்கின், கெல்லி. அதுகூட கடையில போய் காசக் குடுத்து வாங்க ஏலாது, முதல்ல தாவணி வாங்கு, சப்பாத்து வாங்கு, கோப்பை பீங்கான் வாங்கு, அதுக்குப் பிறகு அவன் மனம் வச்சா காட்டுவான். இப்புடிச் செய்யிறது சட்டவிரோதம் எண்டு 2024ல கலிஃபோர்னியால வழக்குக்கூடப் போட்டாங்க, நிக்கல்ல, தள்ளிட்டாங்க. ஷனேல் விலைய ஏத்திக்கிட்டே போறான், அந்த மடல் வச்ச நடுச் சைஸ் பை அமெரிக்கால 2019ல ஆறாயிரம் டொலருக்குள்ள, 2023ல பத்தாயிரத்தத் தாண்டிட்டு. அதனால பழசு வச்சிருந்த ஆக்களுக்கு யோகம். இப்ப புதுசா வாங்குறவங்களுக்கு அது கிடைக்குமா எண்டு ஆர் சொல்லுற? மத்ததெல்லாம் கடை வாசலத் தாண்டினவுடன விலை விழும். நெவர்ஃபுல் கொஞ்சம் தாங்கும், ஏனெண்டா எல்லாருக்கும் தெரிஞ்ச பை.

கணக்கு வாத்தி:
பை முதலீடு எண்டு சொல்ற எல்லாரும் ஒரே ஆய்வைத்தான் காட்டுவினம். 2016ல வந்தது, பேர்கின் பை தங்கத்தை விட, அமெரிக்கப் பங்குச்சந்தையை விட நல்லா ஏறுது எண்டு. அதைச் செய்தது ஆர் எண்டு பார்த்தா, பழைய பை வித்து வாங்கிற ஒரு இணையக்கடை. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

இன்னொண்டு. லண்டனில, துபாயில விலை தாங்குது எண்டா அங்க வாங்க ஆள் இருக்கு, ஒரிஜினலோ எண்டு பார்த்துச் சொல்ல ஆள் இருக்கு. திருகோணமலையில இருந்து ஆருக்கு விப்பியள்? லூயி விட்டோனுக்கு கொழும்பிலயே கடை இல்லை. ஃபேஸ்புக்கில போட்டா முதல் கொமென்ட், இது கொப்பிதானே அக்கா, பத்தாயிரத்துக்குத் தருவீங்களோ.

நிலாவெளிக் காத்து:
😂😂 உண்மையா நடக்கும். என்ர மச்சாள் கனடாவில இருந்து மைக்கல் கோர்ஸ் கொண்டுவந்து கலியாணவீட்டில வச்சிருக்க, பக்கத்தில இருந்த ஆன்ரி இதே நிறம் புறக்கோட்டையில ரெண்டாயிரத்துக்கு இருக்கு எண்டு சொல்லிப்போட்டா. மச்சாள் சாப்பிடாம எழும்பிப் போட்டாள்.

லாஷப்பல் பெடியன்:
அந்தக் கனடா அவுட்லெட், அதாவது பிராண்ட்காரர்ட கழிவுவிலைக் கடைப் பையளைப் பற்றியும் சொல்லவேணும், ஊருக்கு வாறதில அரைவாசி அதுதான். 70 வீதக் கழிவு எண்டு லேபல்ல அடிச்சிருக்கும். கனபேர் நினைக்கிறது பெரிய கடையில விக்காத மிச்சம் இங்க வருது எண்டு. இல்லை, பெரும்பாலும் அவுட்லெட்டுக்கு எண்டே தனியாச் செய்யிற பை, வெட்டியிருக்கிற பழைய விலைக்கு அது ஒரு நாளும் வித்ததே கிடையாது. மைக்கல் கோர்ஸ் மேல இதுக்கு 2014ல அமெரிக்காவில வழக்குப் போட்டு, 48 லட்சம் டொலருக்கு மேல குடுத்துத் தீர்த்தவங்கள்.

பிறகு பிள்ளைக்கு ஒரு முக்கியமான விசயம். உங்கட அக்கா பரிசில குடியிருக்கிறவ எண்டா அவவுக்கு பை வாங்கேக்க கட்டின வரி திருப்பி வராது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய இருக்கிறவைக்குத்தான். பிரான்ஸில வற் வரி 20 வீதம், 100 யூரோவுக்கு மேல வாங்கினா பாஸ்போட்டைக் காட்டி கடையில ஃபோம் எடுத்து, வெளிக்கிடேக்க எயார்போட்டில இருக்கிற மெசின்ல ஸ்கான் பண்ணவேணும். இடையில நிக்கிற கம்பனி தன்ர பங்கை எடுத்து, கைக்கு 12 வீதம் மட்டில வரும். லண்டன்ல ஆரும் சொந்தக்காரர் இருந்து பரிசுக்கு வந்து போகினம் எண்டா அவைக்கு இது கிடைக்கும், பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அவையும் வெளியாக்கள்தானே. ஆனா லண்டனிலயே வாங்கினா இல்லை, 2021 தையோட அங்க அந்த முறையை நிப்பாட்டிப்போட்டாங்கள்.

உவர்மலைப்பிள்ளை:
லண்டனில அண்ணா இருக்கிறார்!! வெம்பிளி. இது தெரியாமப் போச்சே.

கோணமலையான்:
நான் இன்னும் கொப்பிக் கட்சிதான். மத்திய வீதிச் சாமான் வேண்டாம் எண்டா இப்ப சீனாவில குவாங்சோப் பக்கத்தில இருந்து முதல்தரக் கொப்பி வருது, நல்ல தோல், ஒரிஜினலோட பக்கத்தில வச்சாலும் தெரியாதாம். அம்பதாயிரம். துபாய் கராமாவிலயும் கேட்டா உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவாங்கள். ஊர் ஆன்ரிக்கு எது தெரியப்போகுது?

கிண்ணியா நானா:
தம்பி அதுக்கு அம்பதாயிரத்துக்கு ஊசிநூல் நானாட்டக் குடுத்து பேர் இல்லாத நல்ல தோல் பை ரெண்டு தைக்கலாமே. பேர் வேணும் ஆனா பேருக்குக் காசு குடுக்க ஏலாது, இது என்ன கணக்கு? அதோட பிரான்ஸ், இத்தாலிப் பக்கம் கொப்பியக் கொண்டு போனா சுங்கத்தில பறிப்பாங்க, தண்டமும் கட்டச் சொல்லுவாங்க, வாங்கினவனுக்குத்தான்.

கொப்பிய ஒரிஜினல் எண்டு விக்கிற ஆக்களும் இரிக்காங்க, கவனம். லூயி விட்டோன் பையோட “உறுதிச் சான்று” எண்டு ஒரு பளபள கார்ட் தந்தா அங்கேயே விளங்கிக்கங்க, அந்தக் கம்பனி அப்புடிக் கார்ட் குடுக்கிறதே இல்ல. முந்தி உள்ளுக்கு எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு குறி அடிச்சிருப்பாங்க, 2021ல இருந்து சிப் வச்சிட்டாங்க. கழிவு விலைக்கு வருது எண்டு சொன்னாலும் நம்பாதீங்க, அவன் கடையில கழிவு விலை எண்ட கதையே கிடையாது.

மட்டிக்களி மாமி:
எனக்கு ஒரு சந்தேகம். படம் பார்த்தன், உந்த நெவர்ஃபுல் எண்டதுக்கு மேல ஜிப்பே இல்லையே? ஒரு சின்னக் கொளுக்கி மட்டும். கொழும்பு பஸ்ஸில இதைத் தோளில போட்டுக்கொண்டு நித்திரை கொண்டா பேர்ஸ் இருக்குமோ? கோணேசர் கோயிலுக்குப் போனா கோட்டைக்குள்ள நிக்கிற மான் மூக்கை நேர உள்ளுக்கு விடும். போன முறை அருச்சனைத்தட்டு வாழைப்பழத்தையும் எடுத்து, பையின்ர பட்டியையும் சப்பிப்போட்டுத்தான் விட்டது.

நிலாவெளிக் காத்து:
அஞ்சு லட்சத்து மான் தீனி 😂

கணக்கு வாத்தி:
மாமி கேட்டதுதான் இந்த இழையிலயே உருப்படியான கேள்வி. அந்தப் பை 2007ல வந்தது, காரில போய் ஒஃபீஸில இறங்கிற ஆக்களுக்கு, கடற்கரைக்குத் துவாய் கொண்டுபோற ஆக்களுக்கு. கச்சேரியடியில ஓட்டோ பிடிக்கிற ஆளுக்கு இல்லை.

பேர்கின் கதையும் அதுதானே. ஜேன் பேர்கின் பாவிச்சது போர்த்துக்கல் பிரம்புக்கூடை, 80களில விமானத்தில சாமான் எல்லாம் கொட்டுண்டு போக, பக்கத்து சீற்றில இருந்தவர் எர்மெஸ் தலைவர் ஜான் லூயி டியூமா, பிள்ளையோட திரியிற தாய்க்கு ஏத்த பை ஒண்டும் இல்லை எண்டு அவ சொல்லித்தான் 1984ல பை வந்தது. அவ அதைக் கண்ணாடிப்பெட்டியில வைக்கேல்ல. ஸ்டிக்கர் ஒட்டி, நகவெட்டி தொங்கவிட்டு, போட்டு உழக்கித்தான் பாவிச்சவ, பிறகு 1994ல எயிட்ஸ் நிதிக்கு ஏலத்தில குடுத்தவ. அந்த உழக்குப்பட்ட பைதான் 2025 ஆடியில பரிஸ் ஏலத்தில 86 லட்சம் யூரோவுக்குக் கிட்டப் போனது. எங்கட காசில 300 கோடி. இப்ப வாங்கிற சனம் மழை வந்தா பையை உடுப்புக்குள்ள மறைச்சு தாங்கள் நனையினம்.

கோணமலையான்:
300 கோடியோ!! ஒரு பைக்கு!!

லாஷப்பல் பெடியன்:
பிள்ளைக்கு வேற ஒரு வழி சொல்றன். புதுசே வேணும் எண்டு இல்லையெண்டா ஜப்பான் செகண்ட்ஹாண்ட் பாருங்கோ. நாங்கள் அங்க இருந்து வாகனம் எடுக்கேக்க ஏல ஷீட் பார்த்து கிரேட் பார்க்கிறமெல்லோ, பைக்கும் அப்பிடித்தான், ஏ, ஏபி, பி எண்டு தரம் பிரிச்சு, எங்க கீறல், எங்க கறை எண்டு படத்தோட போடுவாங்கள். 80களில, 90களில ஜப்பான் சனம் இந்தப் பையளை வாங்கிக் குவிச்சதால பழைய சரக்கு நிறைய. போலி விக்கிறதுக்கு அங்க நல்லா இறுக்கம். ஒண்டு மட்டும் பாருங்கோ, பழைய பையள்ட உள் லைனிங் ஈரத்தில பிசுபிசு எண்டு வரும், அதைக் கேட்டு வாங்கவேணும்.

ஊசிநூல்:
ஓம், அந்தப் பிசுக்கு வந்தா முழு லைனிங்கையும் மாத்தத்தான் வேணும், கழுவிப் போகாது. மாத்தலாம், செய்திருக்கிறன். ஆனா நான் கை வச்சா பிறகு கம்பனிக்காரன் அந்தப் பையைத் திருத்த எடுக்கமாட்டான், அதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ.

நானா சொன்னதுக்காகச் சொல்லேல்ல, நல்ல மாட்டுத்தோலில, உள்ளுக்குத் துணி வச்சு, வை.கே.கே. ஜிப் போட்டு ஒரு பை தைக்க இருபதாயிரத்துக்கு மேல நான் எடுக்கிறதில்லை. பேர் ஒண்டும் இருக்காது. சிலபேர் கொண்டுபோய் தாங்களே ஒரு தகடு வாங்கி அடிக்கினம், நான் அடிச்சுக் குடுக்கமாட்டன்.

மட்டிக்களி மாமி:
இருபதாயிரம் பைக்கு, மிச்சத்தில ஒண்டரைப் பவுணுக்கு மேல. பிள்ளை கேட்டியளோ?

உவர்மலைப்பிள்ளை:
எல்லாத்தையும் ரெண்டு தரம் வாசிச்சன். அம்மாவுக்கும் மாமியின்ர மான் கதையை வாசிச்சுக் காட்டினன், கன நாளைக்குப் பிறகு சிரிச்சவ. இப்ப முடிவு இதுதான், நெவர்ஃபுல் கான்சல். வெம்பிளி அண்ணாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறன், ஜப்பான் கடையளில ஏபி தரத்தில லூயி விட்டோன்ட ஸ்பீடி 30 பை என்ன விலை போகுது எண்டு பார்க்கச் சொல்லி. அதுக்கு மேல ஜிப் இருக்கு. மிச்சக் காசு அம்மா சொன்ன மாதிரி பவுணுக்கு. ஊசிநூல் அண்ணாட்டையும் வேலைக்குக் கொண்டுபோக ஒரு கறுப்புப் பை தைக்கத் தாறன்.

மட்டிக்களி மாமி:
இவ்வளவு கதைச்சும் கடைசியில பை வாங்கத்தான் போறா.

நிலாவெளிக் காத்து:
ரெண்டு பை மாமி.

ஊசிநூல்:
ஸ்பீடிக்கும் கைபிடி அந்தப் பூச்சில்லாத தோல்தான் தங்கச்சி. தலைக்கு எண்ணெய் வச்ச கையால தூக்காதேங்கோ. கறுப்புப் பைக்கு கிழமைநாளில பின்னேரம் வாங்கோ, சனிக்கிழமை சப்பாத்துச் சனம் கூட, அளவு பார்க்க நேரம் இருக்காது. கொண்டுபோற சாமானையும் கொண்டு வாங்கோ, சாப்பாட்டுப் பெட்டி, தண்ணிப் போத்தல், குடை எல்லாத்தையும், அதுக்குத்தான் அடி அகலம் வெட்டுவன்.